இரண்டு உத்திரத்துக்கு நடுவே

அந்தச் சொட்டு வேறு யார் இலையில் விழுந்திருந்தாலும் துடைத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். போயும் போயும் மாப்பிள்ளையின் அம்மா இலையில் விழுந்தது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து பூ வைக்க வந்தவர்கள், பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டுக் கூடத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா சௌந்தரம் இரண்டாம் முறை கூட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து மச்சுப் பலகையின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கி, அந்தம்மாள் கடைசியில் தின்னலாம் என்று ஓரமாக வைத்திருந்த அப்பளத்தின் மேல் விழுந்தது.

"மழையா பெய்யுது?" என்று அந்தம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "மேல தண்ணிக்கொடம் வச்சிருக்குறோம் சம்பந்தி, அதான்" என்று சௌந்தரம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தண்ணீருக்கு வாடை கிடையாது. இந்தச் சொட்டுக்கு இருந்தது. அந்தம்மாள் பாயசத்துக்குக் கூடக் காத்திருக்காமல் இலையை மூடினாள். ஆனியில் இதே வீட்டில் நிச்சயதார்த்தம் என்று பேசியிருந்ததை மாற்றவும் இல்லை, மறுபடி உறுதியாகச் சொல்லவும் இல்லை. "பாத்துகிட்டு போன் பண்றோம்" என்று காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மேலே, சௌந்தரத்தின் ஓரகத்தி ஸ்ரீமதி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே பேச்சு நின்றதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிலில் கிடந்த புருஷன் ஸ்ரீதர் அவள் முகத்தைப் பார்த்தான். "விழுந்துடுச்சா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவள் தலையாட்டினாள். அவனுடைய மூத்திரப் பை மூலையில் கசிந்திருந்ததை அவள் பார்ப்பதற்குள் பலகை குடித்துவிட்டது. பலகை குடித்தால் மிச்சத்தைக் கீழேதான் துப்பும்.

முதுநகரில் துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அந்த வீடு இருந்தது. யாரோ ஒரு கப்பல் வியாபாரி கட்டியது. கீழே செங்கல், மேலே மச்சு. மச்சுக்குத் தளம் கிடையாது, உத்திரங்களின் மேல் பலகை அடித்த தரைதான். மாமனார் அதை வாங்கி, சாகும் முன்னால் கீழ்வீட்டைப் பெரியவன் சாமிக்கண்ணுவுக்கும் மச்சைச் சின்னவன் ஸ்ரீதருக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நடுவில் இருக்கும் பலகை யாருக்கு என்று அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேலே இருப்பவளுக்கு அது தரை, கீழே இருப்பவளுக்கு அது கூரை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஸ்ரீமதி அந்தத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில்லை. பொங்கலுக்கும் துணியால் துடைப்பதோடு சரி. ஆணி அடித்த வரிசையில் கால் வைத்தால் பலகை சத்தம் போடாது என்று கண்டுபிடித்து, தன் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரி நடந்து பழகியிருந்தாள்.

ஸ்ரீதர் மீன்லாரி ஓட்டியவன். லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் முதுகில் கம்பி வைத்து அனுப்பியபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் பிடித்து, அந்தக் குறுகிய மரப்படியில் அவனை ஏற்றினார்கள். அன்றைக்கு அவனால் சாய்ந்தாவது உட்கார முடிந்தது. மூன்று வருஷத்தில் கால் மடங்கி இறுகிவிட்டது, இடுப்பில் புண், உட்காரவைத்தால் புண் பிளக்கும். படியோ முழங்கை மாதிரி நடுவில் மடங்கும் படி. படுத்தபடி ஒருவனை அதில் கொண்டுபோக முடியாது. ஆக, ஏறினவன் ஏறினவன்தான்.

சாயங்காலம் சாமிக்கண்ணு படியேறி வந்தார். முழுதாக வரவில்லை. படி முடியும் இடத்தில் தலை மட்டும் தரைக்கு மேலே தெரிய நின்றார். மூன்று வருஷமாக அவருக்கு அதுதான் வழக்கம். அதற்கு மேல் ஏறினால் கட்டிலில் கிடக்கும் தம்பியின் முகத்தைப் பார்க்கவேண்டி வரும்.

"ஏம்மா ஸ்ரீமதி."

"சொல்லுங்க மாமா."

"நான் கெட்டவன்னு நெனச்சிக்காத. அரிசி மண்டியில ஒக்காந்து நாலு பேருகிட்ட நல்ல பேரு வாங்குனவன். எம் பொண்ணு சத்யப்பிரியாவுக்கு இது நாலாவது எடம். ஒரு சொட்டு தண்ணில போயிடும் போல இருக்குது."

"தெரியாம நடந்துபோச்சு மாமா."

"தெரிஞ்சா யாரு செய்வா? சௌந்தரம் அழுவுறா. சோறு திங்கல." அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றார். "சிதம்பரத்துல நம்ம ராமாமிர்தம் ஒரு காப்பகம் நடத்துறான். ஃபேனு, பெட்டு, பாத்துக்க ஆளு, எல்லாம் இருக்குது. நான் பேசிப்புட்டேன். நிச்சயத்துக்குள்ள அவன அங்க வுட்டுடலாம்."

அவர் பேசுவது பக்கத்தில் கிடக்கும் ஆளைப் பற்றி என்பது போலவே இல்லை. ஸ்ரீதர் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொட்டு நின்னா போதுமில்ல மாமா?" என்றாள் ஸ்ரீமதி.

"எப்படி நிக்கும்? பலகைய ஒட்டவா முடியும்?"

"கல்லு போட்டுடறேன்."

"பலகை மேலயா?" சாமிக்கண்ணு முதல் முறையாக ஒரு படி கூட ஏறினார்.

"மேலதான். எந்தம்பி கொளஞ்சியப்பன் கல்லு யாவாரந்தானே பண்றான். அனுப்பச் சொல்றேன். நிச்சயத்துக்கு முன்னாடி முடிச்சிடறேன். அதுக்கப்பறமும் ஒரு சொட்டு கீழ விழுந்தா, நீங்க சொல்ற எடத்துக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் யோசித்தாள். கட்டிலில் கிடப்பவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, இந்த மச்சில் தனியாக, யாருக்காகச் சத்தமில்லாமல் நடப்பது?

மங்கலம்பேட்டையிலிருந்து மினிலாரியில் கடப்பாக் கல் வந்து இறங்கியது. மெல்லிய கல்லாகப் பார்த்துக் கொளஞ்சியப்பன் அனுப்பியிருந்தான். ஸ்ரீமதியே ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துப் படியேற்றினாள். சௌந்தரம் கீழே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை ஸ்ரீமதி கடந்து போகும்போதும் காலை மட்டும் மடக்கி வழிவிட்டாள். 

வேலைக்கு வந்தவன் லூர்து பிரகாஷ். மாதா கோயில் தெருக்காரன், வாய் ஓயாதவன். எந்த வேலை சொன்னாலும் முதலில் "பாண்டிச்சேரியில ஒரு வூட்ல" என்றுதான் ஆரம்பிப்பான். வந்ததும் ஒரு சொம்பை வாங்கி, தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, பலகை நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு எட்டு நடந்தான். சொம்பில் தண்ணீர் நடுங்கி வழிந்தது. ஸ்ரீமதி பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அக்கா, இது தரை இல்ல, ஊஞ்சல்" என்றான்.

"கல்லு நிக்காதா?"

"நிக்க வைக்கலாம். ஆனா நம்ம ஊரு கொத்தனாரு செய்யுறாப்ல மணலும் சிமென்டும் கொழைச்சு ரெண்டு வெரல் கனத்துக்குக் கொட்டுனா, பாரத்துக்கு உத்திரம் தொங்கிடும். மேல தண்ணி வேற கட்டுவாங்க, கலவை எறுகணும்னு. அவ்ளோதான், பூராவும் அண்ணன் வூட்டு தலையில. பாண்டிச்சேரியில ஒரு பழைய வூட்ல ஒருத்தன் அப்படித்தான் பண்ணான். கல்லு அத்தனையும் வெடிச்சிப்போச்சு. நானும் அதுல கூட இருந்தேன்னு வச்சிக்குங்களேன்."

"நீயா பண்ண?"

"கூட இருந்தேன்னு சொன்னேன்" என்று சிரித்தான். "பலகை நடந்தா வளையும், கல்லு வளையாது. அதான் தகராறு. மொதல்ல பலகைய அசையாம பண்ணணும். பழைய ஆணி எல்லாத்தையும் புடுங்கிட்டு ஸ்க்ரூ போடணும். உத்திரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவுல குறுக்குக்கட்டை குடுக்கணும். அதுக்குமேல சிமென்ட் போர்டு, அதுக்குமேல தண்ணி எறங்காத பூச்சு, அதுக்குமேல பசை, அப்பறம்தான் கல்லு. சொம்புத் தண்ணி அசையாம நின்னாதான் நான் கல்லத் தொடுவேன்."

"சரிப்பா. எனக்கு இந்தத் தரையில ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கழுவணும். ஒரே ஒரு கொடம்."

"ஒரு கொடம் என்னாக்கா, கொழாயத் தொறந்து வுடுங்க."

அறையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தெருப் பக்கத்துப் பாதியில் முதலில் வேலை. ஸ்ரீதரின் கட்டிலைப் பின்பக்கத்துப் பாதிக்கு நகர்த்தினார்கள். பின்பக்கம் உத்திரங்கள் நெருக்கம், பலகையைப் பிரிக்கத் தேவையில்லை; தெருப் பக்கத்தில் மட்டும் குறுக்குக்கட்டை கொடுக்கப் பலகையைப் பிரித்தாக வேண்டும். சாமிக்கண்ணு தன் கூரையில் கைவைக்க ஒத்துக்கொள்வதற்கு இரண்டு நாள் ஆனது. கடைசியில் மண்டியிலிருந்து பழைய சாக்குகளைக் கொண்டுவந்து தூசி கீழே விழாமல் தானே உத்திரங்களுக்கு அடியில் கட்டினார். ஆணி பிடுங்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு ஆணியும் வெளியே வர மாட்டேன் என்று அலறிக்கொண்டுதான் வந்தது. பலகைக்கு அடியில் நூறு வருஷத்துத் தூசி, எலிப் புழுக்கை, யாரோ தொலைத்த கால்மெட்டி ஒன்று. கடல்காற்று பகல் பதினொரு மணிக்கு மேல்தான் எழும்பும். அதுவரை உள்ளே வெந்து போகும். பிரகாஷ் சட்டையைக் கழற்றிவிட்டு, உத்திரம் உத்திரமாகச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துப் பார்த்தான். சுவரோரம் ஒன்று மட்டும் பொத்தல் விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் புதுக்கட்டை வைத்து போல்ட் போட்டான்.

சாக்கு இருந்தால் அடியில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுநாள் பிரகாஷ் அதை அவிழ்த்துவிட்டான். அன்றைக்குத்தான் இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்தன. உத்திரங்களுக்கு நடுவே கீழ்க்கூடம் திறந்து கிடந்தது. சௌந்தரம் அடுப்படியிலிருந்து சட்டியோடு வந்தவள் அண்ணாந்தாள். மேலே, விளிம்பில், கட்டிலோடு ஒரு தலை தெரிந்தது. ஸ்ரீதர் பிடிவாதமாகக் கட்டிலை அங்கே தள்ளச் சொல்லியிருந்தான்.

"அண்ணி" என்றான்.

சௌந்தரம் சட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இத்தனை நாள் அவன் அவளுக்கு ஒரு சொட்டாக, ஒரு வாடையாக, இருமலாக மட்டும் இருந்தவன். தாடி நரைத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

"என்னா கொழம்பு?" என்று கேட்டான்.

"கருவாடு" என்றாள், குரல் எழும்பாமல்.

"கத்திரிக்கா போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"வாடையிலயே தெரிஞ்சிது. தெனம் இங்க படுத்துக்கிட்டு, இன்னிக்கி இது, இன்னிக்கி இதுன்னு சொல்லிக்கிட்டிருப்பேன். ஸ்ரீமதிகிட்ட கேட்டுப் பாரு. பந்தயம் கட்டுனா நாந்தான் ஜெயிப்பேன்."

சௌந்தரம் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்து, ஸ்டூல் மேல் ஏறி, உத்திரங்களுக்கு நடுவே கையை நீட்டினாள். பிரகாஷ் குனிந்து வாங்கிக் கொடுத்தான். ஸ்ரீமதி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு கிண்ணம் குழம்புக்கு மூன்று வருஷமா? அதோடு கண்ணும் கலங்கியது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதையும் காட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

ஸ்ரீதர் குழம்பைத் தொட்டு நக்கிக்கொண்டே கீழே பார்த்தான். கூடத்துக்கு அந்தப் பக்கம் வாசற்கதவு திறந்திருந்தது. வாசலுக்கு வெளியே ஒரு முழம் தெரு. சைக்கிள் சக்கரம் ஒன்று உருண்டு போயிற்று. நாய் ஒன்று போயிற்று.

"ஏம்பா பிரகாஷு, இந்த உத்திரத்துக்கும் அந்த உத்திரத்துக்கும் எவ்ளோ எடவெளி?"

பிரகாஷ் டேப்பை இழுத்தான். "ரெண்டடிக்கு ஒரு வெரல் ஜாஸ்தி."

"நீளவாக்குல படுத்தா ஒரு ஆளு எறங்கலாம்ல?"

பிரகாஷ் முதலில் சிரித்தான். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

ஸ்ரீமதிக்கு அந்த நொடியில்தான் அது உறைத்தது.  கட்டையும் ஸ்க்ரூவும் போர்டும் பசையும் கல்லும் என்று அவள் ஆசை ஆசையாகக் கேட்டதெல்லாம், அவன் இறங்குவதற்கு இருந்த ஒரே வழியை அடைக்கத்தான். இப்படி ஒரு வழி இருப்பது நேற்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அந்தி சாய்வதற்குள் பலகையை மறுபடி போட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். போடவே கூடாது என்றும் நினைத்தாள்.

வேலை முடிந்து பிரகாஷ் போன பிறகு ஸ்ரீமதி புருஷனின் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீதர் ஆரம்பித்தான்.

"எறக்கிடு ஸ்ரீமதி."

"எங்க?"

"கீழ. அண்ணன் சொன்ன எடத்துக்கு. சிதம்பரத்துக்கு."

"வாய மூடுங்க."

"ஒன் முதுகு வளைஞ்சிபோச்சு. என்னப் பொரட்டிப் போட்டுப் பொரட்டிப் போட்டு நீ கெழவி ஆயிட்ட. எனக்கு இந்த ஓட்டுக் கூரையப் பாத்துப் பாத்து சலிச்சிபோச்சு. ஒரு தடவ தெருவப் பாத்துட்டேன்னா எங்க வேணா போறேன்."

"போறது சரி. எப்படி வருவீங்க?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் கேக்குறேன்ல. எந்த வழியா வருவீங்க?"

"வர்றதப் பத்தி நான் எங்க சொன்னேன்?" என்றான் மெதுவாக.

அவள் துணியை வாளிக்குள் எறிந்தாள். "அப்ப நானு? நான் இங்க என்னா பண்ணுவேன்? கல்லுத் தரையில படுத்துக்கிட்டு ஒங்க கட்டிலப் பாத்துக்கிட்டிருக்கணுமா? ஒங்களுக்கு ஒரு ரூம்பு ஜெயிலு. எனக்கு ரெண்டு பேரும் இருக்குற ஜெயிலுதான் வேணும், தெரிஞ்சிக்குங்க."

பலகை பிரிந்து கிடந்த வீட்டில் ரகசியம் ஏது? கீழே எல்லாம் கேட்டிருந்தது. விடிந்ததும் சாமிக்கண்ணு வந்தார். இந்த முறை படியில் நிற்கவில்லை, கூடத்தின் நடுவிலிருந்து அண்ணாந்து பேசினார்.

"அவன் சொல்றதும் ஞாயந்தான்மா. தூசி, பசை வாசன, இதுல நோயாளி கெடக்கலாமா? வேல முடியுற வரைக்கும் ராமாமிர்தத்துகிட்ட இருக்கட்டும். படுக்க வச்சிக் கொண்டுபோக அவன் பெரிய காரே அனுப்புறேன்னு சொல்லிட்டான். மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

"வேல முடியுற வரைக்குமா மாமா?"

"ஆமா" என்றார். கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். வேலை முடிந்த பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஸ்ரீதர் மட்டும் "ஸ்ரீமதி, சரின்னு சொல்லு" என்றான். தெருவைப் பார்க்கப்போகும் ஆசை அவன் குரலில் குழந்தைக்கு இருப்பது போல இருந்தது. அந்த ஆசைக்கு எதிராக அவளால் நிற்க முடியவில்லை. தலையாட்டினாள்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகத்து லோடுமேன்கள் சும்மா இருந்தார்கள். இரண்டு பேர் வடக்கயிற்றோடு வந்தார்கள். பிரித்த பலகைகளிலேயே அகலமானதாக ஒன்றை எடுத்து, அதன் மேல் மெத்தையை விரித்து, ஸ்ரீதரை அதில் கிடத்தி, மடங்கிய காலோடு சேர்த்து வேட்டியால் கட்டினார்கள். ஸ்ரீமதி மூத்திரப் பையை அவன் வயிற்றின் மேல் வைத்து முடிந்தாள். பிரகாஷுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே முணுமுணுத்தான்.

"எங்க ஜனத்துல ஒரு ஆள இப்படிக் கயிறு வுட்டு எறக்குறது ஒரே ஒரு தடவதான் அக்கா. அதுக்குமேல மண்ணத்தான் போடுவோம்."

"நல்ல வார்த்த சொல்லேன்டா" என்றான் ஸ்ரீதர் படுத்தபடியே.

பிரகாஷ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பலகையைத் தூக்கி, இரண்டு உத்திரத்துக்கு நடுவே சரியாக நிறுத்தி, கயிற்றை விட ஆரம்பித்தார்கள். ஒரு முட்டி உத்திரத்தில் இடித்தது. "நிறுத்து, நிறுத்து" என்று ஸ்ரீமதி கத்தினாள். முட்டியை அவளே கையால் ஒதுக்கிவிட்டாள். மறுபடி கயிறு இறங்கியது. அவன் முகம் அவளைப் பார்த்தபடியே கீழே போயிற்று. முதலில் முழங்கால் உயரம், பிறகு கிணற்று ஆழம். கீழே சாமிக்கண்ணு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். பலகை அவர் கைக்கு வந்தபோது பாரத்துக்குத் தயாராகக் காலை அகட்டியிருந்தவர் தடுமாறிவிட்டார். பாரமே இல்லை. லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போட்ட தம்பி, பாதி மூட்டை அரிசி கூட இல்லை. "இவ்ளோதானாடா நீ?" என்று கேட்டுவிட்டு அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஸ்ரீமதி படியில் இறங்கி ஓடிவருவதற்குள் அவனைக் கூடத்தில் பெஞ்சு மேல் வாசலைப் பார்த்துக் கிடத்தியிருந்தார்கள். கடல்காற்று அப்போதுதான் எழும்பி உள்ளே வந்தது. அவன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். தெருவில் கூடையோடு போன கருவாட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, கூடையை இறக்கிவிட்டே கூவினாள்.

"அட, டிரைவரே! நீ செத்துட்டன்னு சொன்னாங்களே!"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாங்க. நான் அழுதுகூட முடிச்சிட்டேன்."

"அப்ப இன்னொரு தடவ அழுவ வேண்டியிருக்கும், பாத்து வச்சிக்க" என்று ஸ்ரீதர் சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். ஸ்ரீமதி அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மேலே இருந்தபோது அவன் உதட்டால்தான் பேசினான், உதட்டால்தான் சிரித்தான். அவளும் அப்படித்தான். சௌந்தரம் காப்பியை ஆற்றி, அவன் தலையை முழங்கையில் தாங்கி, தானே புகட்டினாள். யாரும் சொல்லவில்லை; அவளாகச் செய்தாள்.

சாமிக்கண்ணுவின் போன் அடித்தது. பேசிவிட்டு, "புதுச்சத்திரம் தாண்டிட்டாங்களாம்" என்றார். எல்லாரும் கேட்கும்படி சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்ரீதர் கண்ணை வாசலிலிருந்து எடுக்கவில்லை. வேண்டியதை அவசர அவசரமாகப் பார்த்துக்கொள்கிறவன் போலக் கிடந்தான். ஸ்ரீமதி அவன் துணிகளை ஒரு பையில் திணித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் அரைமணி நேரம். அப்புறம் கார்க் கதவு.

மேலேயிருந்து பிரகாஷ் எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்த எடம் தவிர குறுக்குக்கட்டை எல்லாம் குடுத்தாச்சு. இங்கயும் குடுத்துப் பலகையப் போட்டு மூடட்டுமா? இல்ல, அண்ணன் திரும்பி வர்ற வரைக்கும் இந்த எடத்த மட்டும் வுட்டு வைக்கட்டுமா?"

 யாரும் கேட்காமல் ஒளித்து வைத்திருந்த கேள்வியை அவன் கூரையிலிருந்து கீழே போட்டுவிட்டான். சாமிக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். சௌந்தரம் காப்பி டம்ளரையே பார்த்தாள்.

ஸ்ரீமதி அண்ணாந்து பார்த்தாள். இரண்டு உத்திரத்துக்கு நடுவே தன் வீடு தெரிந்தது. சுவரில் காலண்டர், கொடியில் துணி, காலியான கட்டிலின் ஒரு கால். அவளுக்குப் பயமாக இருந்தது.  

"மூடுப்பா" என்றாள்.

"ஸ்க்ரூ போட்டு போர்டும் அடிச்சிட்டா அப்பறம் பிரிக்க முடியாதுக்கா. நல்லா யோசிச்சிக்குங்க."

"யோசிச்சிட்டேன். பூராவும் மூடு."

சாமிக்கண்ணுவின் முகம் தளர்ந்தது. நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்து, எதை முன்னால் விடுவது என்று தெரியாமல் நின்றார். "நல்ல முடிவும்மா. மாசம் ஒரு தடவ நானே ஒன்ன சிதம்பரத்துக்கு..."

"சிதம்பரத்துக்கு எதுக்கு மாமா?"

"இல்ல, அவனப் பாக்க..."

"அவரு இங்கதானே இருக்காரு." அவள் பையைப் பிரித்து, போர்வையை எடுத்து அவன் கால் மேல் போர்த்தினாள். "மேல ஏத்த இனிமே வழியில்ல. காருல ஏத்த நான் ஒத்துக்க மாட்டேன். அப்ப இங்கதான். இந்தக் கூடத்துலதான்."

"என்னாம்மா பேசுற? இது என் வூடு."

"ஒங்க வூடுதான். நான் எடம் கேக்கல, பங்கு கேக்கல. நீங்களே கையேந்தி எறக்குனீங்க. இப்ப தூக்கி எங்க போடுவீங்கன்னுதான் கேக்குறேன்."

"மாப்ள வூட்டுக்காரங்க வருவாங்களே! நிச்சயத்துக்கு அவுங்கள எங்க ஒக்கார வைப்பேன்?"

"மேல ஒக்கார வைங்க. கல்லு போட்டு, தண்ணி ஊத்திக் கழுவி, கோலம் போட்டு வைக்கிறேன். சத்யப்பிரியாவும் மாப்ளையும் வந்தாலும் அங்கேயே தங்கட்டும். சொட்டு இருந்தா இந்தச் சிமென்ட் தரையில விழட்டும், நான் கழுவிக்கிறேன்."

சாமிக்கண்ணு பெண்டாட்டியைப் பார்த்தார், அவளாவது ஏதாவது சொல்வாள் என்று. சௌந்தரம் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பெஞ்சு அகலம் பத்தாது" என்றாள் யாரிடமோ. "பொரண்டா விழுந்துடுவாரு. அந்தக் கட்டிலப் பிரிச்சி எறக்கச் சொல்லு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது சம்மதமா, வேறு வழியில்லாத ஆத்திரமா என்று ஸ்ரீமதிக்குத் தெரியவில்லை. அடுப்படியில் பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது.

"ஏண்டி இப்படிப் பண்ண?" என்றான் ஸ்ரீதர் தாழ்ந்த குரலில். "எல்லாரையும் மாட்டிவுட்டுட்டியே."

"ஆமா" என்றாள். "நான் மட்டும் எத்தன நாளைக்கு மாட்டிக்கிட்டு இருப்பேன்?"

மேலே ஸ்க்ரூ இறங்கும் சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு பலகையாக வந்து விழ, கூடத்துக்குள் வந்த மச்சு வெளிச்சம் பட்டை பட்டையாகக் குறைந்தது. மரத்தூள் ஸ்ரீதரின் முகத்தில் உதிர்ந்தது. ஸ்ரீமதி தலைப்பால் அதைத் துடைத்தாள். கடைசிப் பலகை விழுந்தபோது வாசலில் காப்பகத்துக் கார் வந்து நின்று ஹார்ன் அடித்தது.  சாமிக்கண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு, வந்தவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமலேயே வாசலுக்குப் போனார்.